அட்லாண்டா மாநகரும் அதன் நகரத் தந்தையும்

நகரங்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதிக்கொள்வதில்லை. எழுதுகோல் எவர் கையில் இருக்கிறதோ அவருடைய பெருமையே ஏட்டில் ஏறுகிறது. சாலைக்குக் கல் சுமந்தவரின் பெயர் அச்சாலையில் எங்கும் காணப்படாது. அதனைத் திறந்துவைத்தவரின் பெயர் சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். "எங்கள் நகரம் புதுப்பொலிவு பெற்றுவிட்டது" என்று ஒரு நகரத் தந்தை பெருமிதத்தோடு கூறும்போது, அப்பொலிவில் யாருக்கு என்ன பங்கு என்று கேட்பது நம் போன்றோரின் கடமையாகும்.

அக்கேள்வியை முன்வைத்தே அமெரிக்க ஐக்கிய நாட்டின் தென்பகுதியிலுள்ள அட்லாண்டா மாநகரின் வரலாற்றை ஈண்டு ஆராய முற்படுகிறோம். கடல்கடந்த ஒரு நகரத்தின் கதை நமக்கு எதற்கு என்று இளைஞர் சிலர் வினவக்கூடும். அந்நாட்டுக் கறுப்பின மக்களுக்கும் நம் மக்களுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத் தம் 'குலாம்கிரி' நூலை 1873-ஆம் ஆண்டில் மகாத்மா புலே காணிக்கையாக்கினார். 1946-இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டு போயிசுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அம்மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். அந்த டு போயிசு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேராசிரியராய்ப் பணியாற்றிய இடம் அட்லாண்டாவே. அந்நகரிலேயே பிறந்த மார்ட்டின் லூதர் கிங் 1959-இல் இந்தியா வந்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவர் பயின்ற திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றின் தலைமையாசிரியர் அவரை "அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாதவர்" என்னும் பொருள்பட அறிமுகம் செய்தாராம். முதலில் திடுக்கிட்ட கிங், பின்னர் எண்ணிப் பார்த்து, அது உண்மையே என உணர்ந்ததாக 1965-இல் தம் அட்லாண்டா தேவாலயத்தில் எடுத்துரைத்தார். ஆகவே அட்லாண்டா நமக்கு அயலூர் அன்று.

தீயில் வெந்து எழுந்த நகரம்

1837-இல் இருப்புப்பாதை வந்து முடியும் இடமாகக் குறிக்கப்பட்ட ஒரு கம்பமே அட்லாண்டாவின் தொடக்கம். 1847-இல் அது நகரமாக்கப்பட்டது. அடிமைமுறை குறித்து எழுந்த உள்நாட்டுப் போரில் 1864-ஆம் ஆண்டு வடபுலத் தளபதி செர்மனின் படைகள் அந்நகரைக் கைப்பற்றின. நகரின் பெரும்பகுதி தீக்கிரையாயிற்று. அதன்பின் மீண்டும் கட்டப்பட்டமையால், தீயினின்றும் உயிர்த்தெழும் பீனிக்சுப் பறவையை அந்நகரம் தன் முத்திரையில் பொறித்துக்கொண்டது. 1847, 1865 என்னும் ஆண்டுகளும், 'மீண்டெழுகிறது' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லும் அம்முத்திரையில் உள்ளன.

1865 என்பது அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த ஆண்டுமாகும். ஆயினும் மீண்டெழுந்த நகரத்தில் விடுதலை பெற்றோருக்குக் கிடைத்தவை எவை? ஆண்களுக்கு மூட்டை சுமக்கும் வேலை. பெண்களுக்கு வெள்ளையர் வீட்டில் சமையலும் சலவையும். 1881-ஆம் ஆண்டு அந்நகரம் தன் புது வளத்தை உலகுக்குக் காட்ட ஒரு பெரும் பஞ்சுக் கண்காட்சிக்கு ஏற்பாடு செய்தது. கண்காட்சிக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், சூலைத் திங்களில், சலவைத்தொழில் செய்த கறுப்பினப் பெண்கள் இருபதின்மர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு பவுண்டு எடையுள்ள துணிக்கு ஒரு டாலர் கூலி வேண்டுமெனக் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். சில வாரங்களில் மூவாயிரம் பேர் அவர்களோடு சேர்ந்தனர். சலவைத் தொழிலுக்கு 25 டாலர் உரிமக் கட்டணம் விதிக்கப்போவதாக நகராட்சி அச்சுறுத்தியது. கட்டணத்தைச் செலுத்தவும் ஆயத்தமாக உள்ளோம், ஆனால் கூலியை நாங்களே வரையறுப்போம் என்று அப்பெண்கள் விடையிறுத்தனர். எழுத்தறியாத ஏழைப் பெண்கள் ஒரு மாநகரத்தின் பெருமிதத்தைச் சலவைக்கல்லின் மேல் வைத்துத் துவைத்த நிகழ்ச்சி இது எனலாம். அட்லாண்டாவின் உண்மையான புத்தெழுச்சியை இந்த இருபது பெண்களிலிருந்தே கணக்கிட வேண்டும் என்பது நம் கருத்து.

கல்வி இட்ட அடித்தளம்

அதே 1881-ஆம் ஆண்டில்தான் கறுப்பினத் தேவாலயம் ஒன்றின் நிலவறையில் பதினொரு மாணவியரோடு ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. வயது முதிர்ந்த பெண்களும் அங்கு அமர்ந்து எழுத்துக் கற்றனர். அதுவே பின்னர் ஸ்பெல்மன் கல்லூரி என உலகப் புகழ் பெற்றது. 1867-இல் அகஸ்டா நகரில் மற்றொரு தேவாலய நிலவறையில் தோன்றி, 1879-இல் அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்த ஆண்கள் பள்ளி மோர்கவுஸ் கல்லூரியாயிற்று. இவற்றோடு அட்லாண்டாப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, அந்நகரைக் கறுப்பின மக்களின் கல்வித் தலைநகராக ஆக்கின. இரவுப் பள்ளியும் விடுதியும் நடத்துவோர், தம் முயற்சி சிறிது என எண்ணிச் சோர்வுறும்போது அந்த நிலவறைகளை நினைவிற் கொள்வார்களாக.

கல்வியோடு தொழிலும் வளர்ந்தது. அடிமையாய் 1858-இல் பிறந்த அலோன்சோ கெர்ண்டன் என்பார் முடிதிருத்தும் தொழிலில் தேர்ந்து, நகரின் முதன்மைச் சாலையில் பளிங்குத் தரையிட்ட பெரிய கடை நடத்தினார். அவர் கடைக்கு வாடிக்கையாளராய் வந்தவர்கள் வெள்ளையர். அவருடைய இனத்தார் அங்கே அமர இயலாது. எனினும் அவ்வருவாயைக் கொண்டு 1905-இல் தம் மக்களுக்கெனக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றை நிறுவினார். ஆபர்ன் சாலையில் கறுப்பின மக்களின் வங்கி, செய்தித்தாள், மருந்தகம், தேவாலயம் முதலியன ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன.

இவ்வளர்ச்சியை நகரத்தின் மற்றொரு பகுதியார் பொறுக்கவில்லை. 1906 செப்டம்பரில், செய்தித்தாள்கள் பரப்பிய பொய்ச் செய்திகளை நம்பி வெள்ளையர் கும்பல்கள் கறுப்பின மக்களைத் தெருத்தெருவாய்த் தாக்கின. குறைந்தது 25 பேர் உயிரிழந்தனர். கெர்ண்டனின் கடையும் தாக்கப்பட்டது. நாம் முன்னேறினால் பகை குறையும் என்று எண்ணுவோர் உண்டு; முன்னேற்றமே சில இடங்களில் பகையை மூட்டும் என்பதற்கு அட்லாண்டா சான்று. அதற்காக அம்மக்கள் கல்வியைக் கைவிட்டாரில்லை. வாக்குரிமையையும் உடன்சேர்த்துக் கேட்கத் தொடங்கினர்.

வாக்குச்சீட்டின் வலிமை

இக்கட்டத்தில் ஜான் வெஸ்லி டாப்ஸ் என்னும் பெரியாரை நாம் அறிதல் வேண்டும். இரயில்வே அஞ்சல் எழுத்தராய் முப்பதாண்டுகளுக்கு மேல் ஊழியம் புரிந்தவர் அவர். அவருக்குப் பெண்மக்கள் அறுவர். அறுவரையும் ஸ்பெல்மன் கல்லூரியில் பயிற்றுவித்துப் பட்டம் பெறச் செய்தார். ஆபர்ன் சாலைக்கு 'இனிய ஆபர்ன்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. வாக்காளர் பட்டியலில் பெயரைச் சேர்க்குமாறு ஊர் ஊராய்ச் சென்று பேசுவதைத் தம் வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார்.

சார்சியா மாநிலத்தில் கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்னும் விதி நெடுங்காலம் இருந்தது. அங்கே அக்கட்சியின் முதல்நிலைத் தேர்தலில் வென்றவரே பொதுத்தேர்தலிலும் வெல்வர் ஆதலால், பிறருடைய வாக்கு வெறுஞ்சீட்டாயிற்று. 1946-இல் நீதிமன்றத் தீர்ப்பால் அவ்விதி வீழ்ந்தது. அவ்வாண்டு ஏறத்தாழ ஏழு வாரங்களில், தெருத்தெருவாக நடந்து, 18,000 அளவிலான கறுப்பின மக்களைப் புதிதாகப் பட்டியலில் சேர்த்தனர். அதன் பயன் விரைவிலேயே தெரிந்தது. 1948-இல் கறுப்பினத்தவர் எண்மர் முதன்முறையாக நகரக் காவலராய் அமர்த்தப்பட்டனர். ஆனால் அவர்கள் வெள்ளையரைக் கைது செய்யலாகாது. காவல் தலைமையகத்தில் உடை மாற்றவும் இடமில்லை. இளைஞர் கிறித்தவ சங்கக் கட்டடம் ஒன்றின் நிலவறையே அவர்களுக்கு நிலையமாயிற்று. சீருடை தந்தும் சமநிலை தராத அச்செய்கையை நம் மக்கள் எளிதில் புரிந்துகொள்வர்.

டாப்சின் மகளான ஐரின், பிரான்சு நாட்டுத் துலூசுப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியில் முனைவர் பட்டம் பெற்று ஸ்பெல்மன் கல்லூரியில் கற்பித்து வந்தார். அத்தகைய புலமை உடையவர் தம் ஊர் மைய நூலகத்தில் உறுப்பினராக இயலவில்லை. 1959-ஆம் ஆண்டு மே மாதம் அவர் நேரிற் சென்று உறுப்பினர் அட்டை கேட்டுப் பெற்றபோதே அந்நூலகத்தின் கதவு கறுப்பின மக்களுக்குத் திறந்தது. இந்த ஐரினின் மகனே, பின்னர் நகரத் தந்தையான மேனார்டு சாக்சன்.

புதுப்பித்தல் என்னும் பெயரால்

அந்நாளில் அட்லாண்டாவை ஆண்ட மேயர் கார்ட்சுபீல்டு, "வெறுப்பதற்கு நேரமில்லாத அளவுக்கு உழைப்பில் மூழ்கிய நகரம்" எனத் தம் ஊரைப் பெருமையாகக் குறிப்பிட்டார். அவருக்குப்பின் 1962-இல் பதவியேற்ற ஐவன் ஆலன், 1963-இல் நாடாளுமன்றக் குழுவின்முன் சென்று குடியுரிமைச் சட்டத்திற்கு ஆதரவாகச் சாட்சியம் அளித்தார். தென்னாட்டு வெள்ளையத் தலைவர் ஒருவர் அவ்வாறு செய்தற்குப் பெருந்துணிவு வேண்டும். அதனை நாம் மறைக்கலாகாது. எனினும் அதே ஆலன், வெள்ளையர் குடியிருப்புக்குள் கறுப்பினத்தார் வீடு வாங்குவதைத் தடுக்கும் பொருட்டு, 1962 டிசம்பரில் பேட்டன் சாலையின் குறுக்கே தடுப்பு எழுப்பச் செய்தார். 1963 மார்ச்சு முதல் நாள், நீதிமன்றத் தீர்ப்புக்குப்பின் அது அகற்றப்பட்டது. செய்தியாளர் அதனை அட்லாண்டாவின் பெர்லின் சுவர் என்றனர். 2008-இல் ஒரு பகுதி இடிக்கப்பட்ட உத்தப்புரத்துச் சுவரை அறிந்த நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை.

சுவரினும் பெருந்துன்பம் விளைத்தது 'நகரப் புதுப்பிப்பு' என்னும் திட்டம். இடிந்த வீடுகள், சாக்கடை, நோய் என்று காரணங்கள் கூறப்பட்டன, அவை பொய்யல்ல. ஆனால் இடித்த இடத்தில் எழுந்தவை எவை? பட்டர்மில்க் பாட்டம் என்னும் ஏழைக் குடியிருப்பு இருந்த இடத்தில் நகர அரங்கம் எழுந்தது. மற்றொரு குடியிருப்பு இருந்த நிலத்தில் 1965-இல் பெரிய விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. ஆபர்ன் சாலையை நெடுஞ்சாலை ஒன்று இரண்டாகப் பிளந்து சென்றது. 1950-களிலும் 60-களிலும் பல்லாயிரவர் வீடிழந்தனர். அவருள் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். மாற்று வீடு பெற்றோர் அவருள் ஒரு சிறு பகுதியினரே. சேரியை அகற்றுதல் வேறு, சேரியில் வாழ்வோரை அகற்றுதல் வேறு. அட்லாண்டாவில் நடந்தது பெரிதும் இரண்டாவதே.

முப்பத்தைந்து வயது நகரத் தந்தை

மேனார்டு சாக்சன் 1938-இல் பிறந்தவர். பதினான்காம் வயதில் மோர்கவுஸ் கல்லூரியிற் புகுந்து, 1956-இல் பதினெட்டாம் வயதில் பட்டம் பெற்றார். 1964-இல் சட்டப் பட்டமும் பெற்று ஏழைகளுக்காக வழக்காடினார். 1968-இல், கிங் கொலையுண்ட ஆண்டில், எளிதில் வெல்லவியலாத செனட்டர் ஒருவரை எதிர்த்து முதல்நிலைத் தேர்தலில் நின்றார். மாநிலத்தில் தோற்றார், அட்லாண்டா நகர வாக்குகளிலோ முந்தினார். அடுத்த ஆண்டே துணை மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பொழுது மேயரானவர் அந்நகரின் முதல் யூத மேயர் சாம் மாசெல்.

1970-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அட்லாண்டாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 4,97,000. அதில் நூற்றுக்கு 51 பேர் கறுப்பினத்தவர். வெள்ளையர் பலர் புறநகர்களுக்குக் குடிபெயர்ந்து கொண்டிருந்தனர். 1973 அக்டோபர் 16 அன்று மாசெலைத் தோற்கடித்துச் சாக்சன் மேயரானார். தென்னாட்டுப் பெருநகரம் ஒன்றுக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் மேயரானது அதுவே முதன்முறை. 1974 சனவரியில் நடந்த பதவியேற்பு விழாவில் அவருடைய சிற்றன்னையும் உலகப் புகழ்பெற்ற இசையரசியுமான மாட்டிவில்டா டாப்ஸ் பாடினார். பார்வையாளரை நிறம் பிரித்து உட்கார்த்தும் அரங்குகளில் பாடமாட்டேன் என உறுதி பூண்டிருந்த அவர் குரல், அன்று எல்லோரும் கலந்தமர்ந்த அவையில் ஒலித்தது.

புதிய மேயர் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, நகரத்தைப் பல வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குடிமக்கள் கூடித் தம் பகுதித் திட்டங்களை ஆராயும் மன்றங்களை 1974-இல் அமைத்தது. இடிக்கப்படப்போகும் வீட்டில் வாழ்வோரிடம் ஒரு சொல் கேளாமல் வரைபடம் வரைந்த காலத்திற்கு அது ஒரு மறுப்பாக விளங்கியது.

விமான நிலையமும் பங்குரிமையும்

சாக்சனின் பெருமிதம் முழுவதும் குவிந்த இடம் விமான நிலையமே. சாக்சன் பதவிக்கு வந்தபோது, நகராட்சி வழங்கிய ஒப்பந்தங்களில் சிறுபான்மை இனத்தார்க்குக் கிடைத்தது நூற்றில் ஒரு பங்கும் இல்லை. மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, அவர்கள் செலுத்தும் வரிப்பணத்தில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை என்பதை எண்ணிப் பாருங்கள்.

புதிய விமான நிலைய முனையம் ஏறத்தாழ 50 கோடி டாலர் மதிப்புடைய பணி. அதில் நூற்றுக்கு 25 என்னும் அளவுக்குச் சிறுபான்மையர் நிறுவனங்கள் பங்கு பெறுதல் வேண்டும் என்று சாக்சன் விதித்தார். சிறிய நிறுவனங்களுக்கு அத்துணைப் பெரிய வேலையைத் தாங்கும் முதலும் பட்டறிவும் இல்லையே என்று வினவினர். பெரிய நிறுவனம் சிறியதைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு ஒப்பந்தம் கோரட்டும் என்பது அவர் கண்ட வழி. வேலை செய்துதான் பட்டறிவு பெறவேண்டும். வேலையே தராமல் பட்டறிவு இல்லை என்று குறை கூறுவது எந்நாட்டு நீதி?

எதிர்ப்பு மிகக் கடுமையாக இருந்தது. விமான நிறுவனங்களும் வணிகப் பெருமக்களும் காலத் தாழ்வு, பணவிரயம், வழக்கு எனப் பல காட்டி அச்சுறுத்தினர். மேயர் இணங்கவில்லை, பங்கு இல்லையேல் விமான நிலையமும் இல்லை, ஓடுபாதையில் புல் முளைத்தாலும் சரியே என்னும் நிலையில் நின்றார். நகராட்சியின் பணத்தை வைத்திருந்த வங்கிகளிடமும், உங்கள் இயக்குநர் குழுவில் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் இடமில்லையெனில் எங்கள் வைப்புத்தொகையை எடுத்துக்கொள்வோம் என்றார். ஈற்றில் அவர் கருத்தே வென்றது. 1980 செப்டம்பர் 21 அன்று முனையம் திறக்கப்பட்டது. குறித்த காலத்திலும் குறித்த செலவிலும் முடித்தோம், பங்கும் தந்தோம் என்று அவர் வாழ்நாள் முழுவதும் நெஞ்சு நிமிர்த்திச் சொன்னார். அவ்விமான நிலையம் 1998 முதல், 2020 ஆம் ஆண்டு ஒன்று நீங்கலாக, பயணியர் எண்ணிக்கையில் உலகின் முதலிடத்தைப் பெற்று வந்துள்ளது. நீதியோடு கட்டினால் கட்டடம் இடிந்துவிடும் என்று அஞ்சியவர்க்கு இதனைவிடத் தெளிவான விடை வேறு வேண்டா.

குப்பை அள்ளியவர் கேட்ட கேள்வி

இத்துடன் கட்டுரையை முடித்துக்கொண்டால் அது புகழ்மாலையாகலாம்; வரலாறு ஆகாது. அட்லாண்டாவின் துப்புரவுத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 1970-இல் மாசெல் மேயராயிருந்தபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். துணை மேயராயிருந்த சாக்சன் அன்று வெளிப்படையாகத் தொழிலாளர் பக்கம் நின்றார். அவரை மேயராக்கிய வாக்குகளில் அத்தொழிலாளர் வாக்குகளும் அடங்கும்.

1977 மார்ச்சு மாத இறுதியில், மணிக்கு 50 சென்ட் ஊதிய உயர்வு கேட்டு அவர்கள் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தனர். நெடுநாள் உயர்வின்றி, விலைவாசி மட்டும் உயர்ந்துவந்த காலம் அது. நகராட்சியிடம் பணமில்லை, பற்றாக்குறை வரவுசெலவு சட்டப்படி கூடாது என்றார் சாக்சன். வேலைக்குத் திரும்பக் கெடு விதித்தார். திரும்பாத தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோரை ஏப்ரல் முதல் நாளன்று வேலையினின்றும் நீக்கினார். வணிகர் கழகம் மேயரைப் பாராட்டியது. கறுப்பினத் தலைவர் பலரும், கிங்கின் தந்தையார் உட்பட, மேயர் பக்கமே நின்றனர். வேலைநிறுத்தம் முறிந்தது. நீக்கப்பட்டோருள் பலர் பின்னர் பணிந்து வந்து மீண்டும் வேலை கேட்க நேர்ந்தது.

மார்ட்டின் லூதர் கிங் எதற்காக உயிர்நீத்தார்? 1968-இல் மெம்பிசு நகரத் துப்புரவுத் தொழிலாளரின் போராட்டத்திற்குத் துணைநிற்கச் சென்ற இடத்திலன்றோ ஏப்ரல் 4-ஆம் நாள் சுடப்பட்டார்! ஒன்பதாண்டுகள் கழித்து அவர் பிறந்த ஊரில், அவர் பயின்ற கல்லூரியிலேயே பயின்ற மேயர், அதே தொழிலாளரை அதே ஏப்ரல் மாதத்தில் வெளியேற்றினார்.

சாக்சனின் இக்கட்டையும் நாம் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். நிறத்தைக் காட்டி அவரை வீழ்த்தப் பலர் காத்திருந்தனர். நகரின் கருவூலத்தைக் கறுப்பினத்தவர் காலியாக்கிவிட்டார் என்னும் ஒரு சொல்லே அவர் இனத்தார் அனைவர்க்கும் பல்லாண்டு பழியாகியிருக்கும். வரி செலுத்தும் வசதியுடையோர் நகரை விட்டு நீங்கிக்கொண்டிருந்தனர் என்பதும் உண்மை. இவை யாவும் அவர் செய்கைக்குக் காரணங்கள் ஆகலாம், நியாயம் ஆகா. ஒப்பந்தக்காரரின் பங்குக்காக ஓடுபாதையில் புல் முளைக்கவும் துணிந்த ஒருவர், குப்பை அள்ளுவோரின் ஐம்பது காசுக்கு அத்துணிவில் நூற்றில் ஒரு பங்கேனும் காட்டவில்லை. படித்தவருக்கும் முதலுடையவருக்கும் கதவைத் திறந்த கை, விளக்குமாறு பிடித்தவர் முன்னே அதனைச் சாத்தியது.

1980-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நகர மக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 67 பேர் கறுப்பினத்தவர். மேயரும் அவர் இனத்தவர். கல்லூரிகளும் வங்கியும் இருந்தன. ஆயினும் நகர மக்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் வறுமையில் வாழ்ந்தனர். ஒரு சமுதாயத்தில் சிலர் உயர்வதும், அச்சமுதாயமே உயர்வதும் ஒன்றல்ல என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

பின்னிகழ்ந்தவை

சாக்சனுக்குப்பின் 1982-இல் ஆண்ட்ரூ யங் மேயரானார். 1989-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் ரிச்மண்டு நகர வழக்கில் அளித்த தீர்ப்பு, ஒப்பந்தப் பங்கீட்டு முறைகளை மிகவும் இறுக்கியது. அதே ஆண்டில் சார்சியா மாநில உச்சநீதிமன்றம் அட்லாண்டாவின் திட்டத்தையும் செல்லாததாக்கியது. பாகுபாட்டைப் புள்ளிவிவரங்களால் மெய்ப்பித்து, நகராட்சி தன் திட்டத்தை மீண்டும் வகுக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறை வென்றெடுத்த உரிமையை அடுத்த தலைமுறை காவாதொழியின் அது கைநழுவும் என்பதற்கு இதுவோர் எடுத்துக்காட்டு.

1990-இல் சாக்சன் மீண்டும் மேயரானார். அவ்வாண்டு செப்டம்பரில், 1996-ஆம் ஆண்டின் ஒலிம்பிக் விளையாட்டுகள் அட்லாண்டாவுக்கு அளிக்கப்பட்டன. 1992-இல் பார்சலோனாவில் ஒலிம்பிக் கொடியை அவரே பெற்றுக்கொண்டார். நகரம் மீண்டும் புதுக்கோலம் பூண்டது. மீண்டும் வீடுகள் இடிந்தன. 1936-இல் வெள்ளையருக்கு மட்டுமெனக் கட்டப்பட்டு, பிற்காலத்தில் கறுப்பின ஏழைகள் வாழ்ந்துவந்த டெக்வுட் குடியிருப்பு, விளையாட்டுகளுக்கு முன்னதாகத் தரைமட்டமாக்கப்பட்டது. புதிதாக எழுந்த வீடுகளுக்குத் திரும்ப இயன்றோர் பழைய குடிகளில் மிகச் சிலரே.

சாக்சன் 2003 சூன் 23 அன்று மறைந்தார். அவ்வாண்டே விமான நிலையத்திற்கு அவர் பெயரும் சேர்த்துச் சூட்டப்பட்டது. அப்பொழுது மேயராயிருந்தவர் சர்லி பிராங்கிளின். 2002-இல் பதவியேற்ற அவரே அந்நகரின் முதல் பெண் மேயர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கியது. பல நாட்டினரும் அங்கே வந்து குடியேறியுள்ளனர். ஆனால் கறுப்பினத்தார் விகிதம் மீண்டும் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டது. வாடகை உயர உயர, நகரைக் கட்டியவர்களின் பேரர் நகருக்கு வெளியே வீடு தேடுகின்றனர்.

நாம் பெறும் படிப்பினை

நம் நாட்டிலும் நம்மவர் நகரத் தந்தையராய் வீற்றிருந்தனர். சென்னை மாநகராட்சியில் 1937-இல் சிவசண்முகம் பிள்ளை அவர்களும், 1945-இல் பேராசிரியர் என். சிவராஜ் அவர்களும் மேயர் பொறுப்பை ஏற்றுப் பெருமை சேர்த்தனர். 2022-இல் ஆர். பிரியா அப்பதவியேற்று, அதில் அமர்ந்த முதல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணியானார். அவ்விருக்கையில் நம்மவரைக் காணும்போது நம் உள்ளம் பூரிப்பது இயல்பு, அப்பூரிப்பு தவறன்று. அதே வேளையில், மனிதர் மலம் அள்ளும் கொடுமையைத் தடைசெய்து 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்ட பின்னரும் கழிவுநீர்க் குழிகளில் இறங்கி நம் உடன்பிறந்தார் மாண்டனர் என்பதை மறப்போமாயின், அப்பூரிப்புக்கு நாம் தகுதியுடையோர் ஆகோம்.

இளைஞர்களே! அட்லாண்டாவின் கதையில் நமக்கு மூன்று செய்திகள் உள்ளன. நிலவறையில் பதினொரு பேரோடு தொடங்கிய பள்ளியும், ஏழு வாரம் தெருத்தெருவாய் நடந்து சேர்த்த வாக்காளர் பட்டியலும் இல்லையெனில் ஒரு சாக்சன் தோன்றியிரார் என்பது முதலாவது. பதவி பெற்றபின் பங்கு கேட்க அஞ்சலாகாது, அஞ்சாது கேட்டால் கிடைக்கும் என்பது இரண்டாவது. அவ்வாறு பெற்ற பங்கு கடைசி மனிதனின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று, நம்மவர் ஆட்சியிலும் நாமே கேட்க வேண்டும் என்பது மூன்றாவது. முன்னிரண்டையும் நம் சங்கத்தின் முன்னோர் அறிந்து செயற்பட்டமையாலேயே இவ்வெள்ளி விழா நமக்கு வாய்த்தது. மூன்றாவது, இனிவரும் ஆண்டுகளுக்குரிய பணி.

நம்முள் எவரேனும் நாளை ஒரு நகரத்தின் தந்தையாகவோ தாயாகவோ அமர்ந்து, மாடி மீதிருந்து புதுப்பொலிவு பெற்ற வீதிகளை நோக்கிப் பெருமிதம் கொள்ளும் நாள் வரலாம், வருதல் வேண்டும். அந்நாளில் அவர் விடியற்காலையில் ஒருமுறை கீழே இறங்கி வருவாராக. அவ்வீதியைப் பெருக்கிக்கொண்டிருப்பவரின் கூலி என்ன, குடியிருப்பு எங்கே, பிள்ளைகள் எப்பள்ளியில் பயில்கின்றனர் என்று கேட்பாராக. அவ்விடைகளைக் கேட்டபின்னும் அவர் தலைநிமிர்ந்து நிற்க முடியுமானால், அந்நகரம் மெய்யாகவே மீண்டெழுந்தது என்று நாம் எழுதுவோம்.